செவிலியர் பதில்கள்: தொண்டைக் குழாயும் சளி உறிஞ்சலும்

சென்ற இதழில் வீட்டில் படுக்கையோடு இருப்பவர்களின் பராமரிப்பைப் பற்றி எழுதியபோது, தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்குச் சளி உறிஞ்சுவதைப் பற்றி இரண்டே வரிகள் சேர்த்திருந்தேன். மற்ற எல்லாவற்றுக்கும் வந்த கடிதங்களைவிட அந்த இரண்டு வரிகளுக்கு வந்த கடிதங்களே அதிகம். செவிலிய மாணவியர், பணியிலுள்ள செவிலியர், நோயாளிகளின் மனைவியர், பிள்ளைகள் எனப் பலரும் கேட்டிருப்பதால் இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவரின் சொல்லே முடிவானது என்பதை இங்கே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பதிலின் கீழும் அதைத் திரும்ப எழுதப்போவதில்லை.

கேள்வி: இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்ட என் கணவருக்கு மருத்துவமனையில் ‘ட்ரக்கி’ போட்டிருக்கிறார்கள். சிஸ்டர்கள் சளி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவர் முகம் சிவந்து, உடல் தூக்கிப் போடுகிறது. பார்க்கச் சகிக்கவில்லை. இதைச் செய்துதான் ஆக வேண்டுமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: செய்துதான் ஆக வேண்டும் அம்மா. ஆனால் தேவைப்படும்போது மட்டும், மிகக் குறைந்த நேரத்தில், மென்மையாகச் செய்ய வேண்டும்.

நாம் இருமும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். மூச்சை உள்ளே இழுத்து, குரல்நாண்களை இறுக மூடி, நெஞ்சுக்குள் அழுத்தத்தைத் திரட்டி, பிறகு சட்டென்று திறந்துவிடுகிறோம். அந்த வேகத்தில் சளி மேலே வருகிறது. ‘ட்ரக்கி’ என்று நீங்கள் சொல்லும் ட்ரக்கியாஸ்டமி குழாயோ, அதாவது தொண்டைக் குழாயோ, குரல்வளைக்குக் கீழே, பெரும்பாலும் மூச்சுக்குழலின் இரண்டாவது வளையத்துக்கும் நான்காவது வளையத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் நுழைகிறது. காற்று குரல்நாண்களை எட்டுவதற்கு முன்பே வெளியேறிவிடுவதால் அழுத்தத்தைத் திரட்ட வழியில்லாமல் இருமல் வலுவிழந்துவிடுகிறது. தலைக்காயத்தால் நினைவு மங்கியிருப்பவருக்கு இருமும் தூண்டலும் குறைந்திருக்கும். போதாதற்கு, குழாய் உள்ளே உரசிக்கொண்டிருப்பதால் சளி சுரப்பதும் கூடுகிறது. தானாக வெளியேற முடியாத அந்தச் சளியை நாம் எடுக்காவிட்டால் அது குழாயை அடைக்கும், அல்லது நுரையீரலின் ஒரு பகுதியை அடைத்துச் சுருங்கச் செய்யும்.

அவர் முகம் சிவப்பதும் உடல் குலுங்குவதும் பெரும்பாலும் இருமல்தான். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடம் மிகுந்த உணர்ச்சியுள்ளது. சளி உறிஞ்ச உள்ளே விடும் மெல்லிய குழாயின் (கத்தீட்டர்) நுனி அதைத் தொட்டால் யாருக்கும் உடல் தூக்கிப் போடும். ஒவ்வொரு முறையும் அப்படி நடக்கிறதென்றால் கத்தீட்டர் தேவைக்கு மேல் ஆழமாகச் செல்கிறதா என்று பணியிலிருக்கும் செவிலியரிடம் பணிவாகக் கேட்கலாம், அதில் தவறில்லை. உதடு நீலம் பாய்வது, நாடித்துடிப்பு சட்டென்று குறைவது, உறிஞ்சி முடித்த பிறகும் மூச்சுத்திணறல் அடங்காமல் நீடிப்பது ஆகியவை இயல்பானவை அல்ல. அப்போது உடனே நிறுத்தி ஆக்சிஜன் கொடுக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நினைவில்லாதவர் என்று நாம் எண்ணுபவருக்கும் காது கேட்கக்கூடும். ‘இப்போது சளி எடுக்கப்போகிறார்கள், இருமல் வரும், உடனே முடிந்துவிடும்’ என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். நான் பணிக்குச் சேர்ந்த புதிதில், பேச முடியாத ஒரு முதியவர் கையுறை உறையைக் கிழிக்கும் ஓசை கேட்டவுடனேயே கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத் தொடங்கியபின் அவர் கம்பியை விட்டார். சளியின் அளவிலோ குழாயின் அளவிலோ எந்த மாற்றமும் இருக்கவில்லை.

கேள்வி: எங்கள் வார்டில் ட்ரக்கியாஸ்டமி நோயாளிகளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சக்ஷன் (சளி உறிஞ்சல்) செய்து குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்கிறார்கள். பாடநூலோ ‘தேவைக்கேற்ப’ என்கிறது. எது சரி?
— செவிலிய மாணவி, சேலம்

பதில்: பாடநூல் சொல்வதே சரி. ஆனால் வார்டில் அப்படிச் சொல்பவர்களின் அச்சத்தையும் புரிந்துகொள்ளுங்கள். ‘தேவைக்கேற்ப’ என்று விட்டுவிட்டால், ஆள் குறைவான இரவுப் பணியில் அது ‘யாரும் பார்க்கவில்லை’ என்பதாக மாறிவிடும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டியது சோதித்துப் பார்ப்பதைத்தான். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேளுங்கள். குழாயில் சளி கண்ணுக்குத் தெரிகிறதா, மூச்சில் கரகரப்பு கேட்கிறதா, பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் அளவு இறங்குகிறதா, நோயாளி காரணமில்லாமல் அமைதியிழக்கிறாரா, வெண்டிலேட்டரில் இருப்பவரானால் காற்றழுத்தம் கூடுகிறதா, திரையில் ஓடும் கோடு ரம்பப் பல்லைப் போல நடுங்குகிறதா என்று பாருங்கள். இவற்றுள் ஏதேனும் இருந்தால் உறிஞ்சுங்கள். எதுவும் இல்லையென்றால் ‘சோதித்தேன், தேவையில்லை’ என்று எழுதுங்கள். அதுவும் ஒரு பணிதான். குறிப்பேட்டில் இடம்பெறத் தகுந்த பணி.

உறிஞ்சுவதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1952-இல் கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்து பலர் இறந்துகொண்டிருந்தபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் காட்டிய வழியில் நோயாளிகளின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, சளியை உறிஞ்சி, மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு இரவும் பகலும் கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார்கள். இறப்பு பெருமளவு குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கமாகவும் அதைச் சொல்வார்கள். அந்தக் குழாய் மூச்சுக் கொடுக்கும் வழியாக இருந்ததைப் போலவே சளியை வெளியேற்றும் வழியாகவும் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

ஆனாலும், ஒவ்வொரு உறிஞ்சலும் நோயாளியின் மூச்சிலிருந்து நாம் வாங்கும் கடன். சளியோடு காற்றும் ஆக்சிஜனும் வெளியேறுகின்றன. மூச்சுக்குழலின் மெல்லிய உட்சவ்வு உரசப்படுகிறது. வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத்துடிப்பு குறையக்கூடும். கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு இந்தக் குறைவு திடுக்கிடும் அளவுக்கு இருக்கும். தலைக்காய நோயாளிக்கு மூளைக்குள் அழுத்தம் கூடும். சளியே இல்லாதபோது செய்தால் இத்தனை பாதிப்பும் பலனின்றி வந்து சேர்கிறது.

கேள்வி: நான் ஒரு தனியார் மருத்துவமனையில் பணிபுரிகிறேன். எங்களிடம் பெரும்பாலும் 14-ஆம் எண் கத்தீட்டரே இருப்பு வைக்கப்படுகிறது. ‘பெரிய குழாய் என்றால் சளி சீக்கிரம் வந்துவிடும்’ என்கிறார் மூத்தவர் ஒருவர். அழுத்தத்தையும் முழுதாகத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். இது சரியா?
— ஒரு செவிலியர், மதுரை

பதில்: சரியல்ல. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்; இந்தக் காரணம் மனத்தில் பதிந்துவிட்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

உறிஞ்சும் கத்தீட்டர் தொண்டைக் குழாய்க்குள் செல்லும்போது, அதைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடைவெளி போதுமானதாக இருந்தால், நாம் உறிஞ்சி எடுக்கும் காற்றுக்கு ஈடாக வெளியிலிருந்து காற்று வந்துவிடும். இடைவெளி அடைபட்டால் கருவி எங்கிருந்து காற்றை இழுக்கும்? நுரையீரலிலிருந்துதான். சிறு காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன, ஆக்சிஜன் இறங்குகிறது. ஆகவே பெரியவர்களுக்குக் கத்தீட்டரின் வெளிவிட்டம் தொண்டைக் குழாயின் உள்விட்டத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது விதி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கத்தீட்டர் எண்ணை மூன்றால் வகுத்தால் அதன் வெளிவிட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 12-ஆம் எண் என்றால் 4 மி.மீ. அதை 8 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் விட்டால் விட்டத்தில் பாதி. பரப்பளவிலோ கால் பங்குதான். முக்கால் பங்கு காற்றுக்குத் திறந்திருக்கிறது. உங்கள் 14-ஆம் எண் ஏறத்தாழ 4.7 மி.மீ. அதையே 6 மி.மீ. குழாயில் விட்டால் பரப்பளவில் 60 விழுக்காடு அடைபட்டுவிடும். நோயாளி அந்த நேரம் முழுவதும் ஒரு சிறிய ஓட்டை வழியாக மூச்சுவிடப் போராடுகிறார்.

வார்டில் நின்றபடியே கணக்கிட எளிய வழி இது: உள்விட்டத்திலிருந்து 2-ஐக் கழித்து, மீதியை இரண்டால் பெருக்குங்கள். 8 மி.மீ. குழாய்க்கு 12; 7 மி.மீ. குழாய்க்கு 10. இடைப்பட்ட எண் வந்தால் சிறியதை எடுங்கள். இது பெரியவர்களுக்கான கணக்கு. குழந்தைகளுக்குத் தனி அட்டவணை உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள்: எல்லா நிறுவனங்களின் குழாய்களிலும் மேலே போட்டிருக்கும் எண்ணும் உண்மையான உள்விட்டமும் ஒன்றாக இருப்பதில்லை. கழுத்தில் படியும் தகட்டில் உள்விட்டம் எனக் குறித்திருப்பதைப் பாருங்கள். கழற்றி மாட்டக்கூடிய உள்குழாய் அதனுள்ளே பொருத்தப்பட்டிருந்தால் அந்த உள்குழாயின் உள்விட்டமே கணக்கு. கத்தீட்டரின் முனை நிறத்தையும் பழகிக்கொள்ளுங்கள்: 8 நீலம், 10 கறுப்பு, 12 வெள்ளை, 14 பச்சை. அவசரத்தில் எண்ணைத் தேடுவதைவிட நிறம் விரைவாகக் கண்ணில் படும்.

அடுத்தது அழுத்தம். பெரியவர்களுக்கு 80 முதல் 120 மி.மீ. பாதரச அளவு போதும். கெட்டியான சளியானாலும் 150-ஐத் தாண்ட வேண்டாம். குழந்தைகளுக்கு 80 முதல் 100. கையடக்கக் கருவிகள் பலவற்றின் அளவுகாட்டியில் 760 வரை கோடுகள் இருப்பதால், முழுதாகத் திருப்பி வைப்பவர் என்ன செய்கிறார் என்பது அவருக்கே தெரிவதில்லை. சில சுவர் இணைப்புகளில் அளவு கிலோ பாஸ்கலில் இருக்கும்; அங்கே 16 என்பதே இங்கே 120. கத்தீட்டரை இணைக்கும் முன் உறிஞ்சு குழாயின் நுனியை விரலால் அடைத்துப் பார்த்தால்தான் முள் உண்மையான அழுத்தத்தைக் காட்டும். அடைக்காமல் பார்க்கும் எண்ணுக்குப் பொருளில்லை.

பெரிய குழாய், பெரிய அழுத்தம் என்றால் வேலை சீக்கிரம் முடியும் என்பது தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்பவரின் கணக்கு. சளி கெட்டியாக இருந்தால் அதற்குத் தீர்வு ஈரப்பதம். அதைப் பற்றிக் கீழே வேறொருவர் கேட்டிருக்கிறார். சிறிய எண் கத்தீட்டர்களையும் வாங்கி வைக்கும்படி உங்கள் பிரிவுப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வு வருகிறது. சக்ஷன் செய்யும் முறையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை சொல்ல முடியுமா?
— செவிலிய மாணவர், திருநெல்வேலி

பதில்: தேர்வுக்காக மட்டும் படிக்காமல் கைக்காகப் படியுங்கள். முதலில் நோயாளியிடம் சொல்லுங்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்துங்கள். ஆக்சிஜன், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக், கூடுதலாக இன்னொரு தொண்டைக் குழாய் ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, கைகளைக் கழுவி, முகக்கவசமும் கண்ணாடியும் அணியுங்கள். தொண்டைக் குழாயிலிருந்து இருமலோடு வரும் துளி நேராக உங்கள் முகத்துக்குத்தான் வரும். கருவியை இயக்கி, அழுத்தத்தைச் சரிபார்த்து, ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிக்கு 30 முதல் 60 வினாடி வரை அளவைக் கூட்டிக் கொடுங்கள்.

மருத்துவமனையில் இது கிருமி நீக்கிய முறையில் செய்ய வேண்டிய பணி. கத்தீட்டரைத் தொடும் கையில் கிருமி நீக்கிய கையுறை. அந்தக் கை வேறு எதையும் தொடக் கூடாது. மற்றொரு கை கருவியையும் இணைப்பையும் கவனித்துக்கொள்ளும். நுனியைக் கிருமி நீக்கிய நீரில் நனைத்துக்கொண்டு, உறிஞ்சாமல் உள்ளே செலுத்துங்கள். கட்டைவிரல் துளை உள்ள கத்தீட்டரானால் துளையைத் திறந்தே வையுங்கள். துளையில்லாத சாதாரணக் கத்தீட்டரானால் இணைப்புக்கு அருகே மடித்துப் பிடித்துக்கொண்டு செலுத்துங்கள். நம் ஊர் வார்டுகளில் இரண்டாவது வகையையே அதிகம் பார்ப்பீர்கள். எவ்வளவு ஆழம்? தொண்டைக் குழாயின் நீளத்தை முன்பே அளந்து, அதைவிட ஏறத்தாழ 1 செ.மீ. மட்டும் கூடுதலாகச் செல்லுங்கள். தட்டும் வரை தள்ளுவது வழக்கமாகச் செய்ய வேண்டியதன்று. மேலோட்டமாக உறிஞ்சிப் பயனில்லாத நிலையில், தட்டிய இடத்திலிருந்து 1 செ.மீ. பின்னால் இழுத்துக்கொண்ட பிறகே உறிஞ்ச வேண்டும்.

வெளியே இழுக்கும்போது மட்டுமே உறிஞ்சுங்கள். உள்ளே விட்டது முதல் வெளியே எடுப்பது வரை 10 வினாடி. எந்த நிலையிலும் 15-ஐத் தாண்டக் கூடாது. மேலும் கீழுமாகக் குத்தி எடுக்கும் பழக்கத்தைச் சிலரிடம் பார்க்கிறேன். சளி அதிகம் வருவதுபோலத் தோன்றும். உண்மையில் சவ்வுதான் கிழிகிறது. தொடங்கும்போது உங்கள் மூச்சையும் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நல்ல உபாயம்தான், ஆனால் முழுதாக நம்பாதீர்கள்: உங்கள் நுரையீரல் நலமாக இருக்கிறது, அவருடையது அப்படியில்லை. உங்களுக்கு மூச்சு முட்டுவதற்கு வெகு முன்பே அவருக்கு முட்டிவிடும்.

மீண்டும் ஆக்சிஜன் கொடுத்து, அளவு பழைய நிலைக்கு வரும் வரை காத்திருங்கள். தேவையானால் மறுமுறை, மொத்தம் மூன்று முறைக்கு மேல் வேண்டாம். தொண்டைக் குழாயை முடித்த பிறகு அதே கத்தீட்டரால் வாயை உறிஞ்சலாம். வாயை உறிஞ்சிய கத்தீட்டரை ஒருபோதும் தொண்டைக் குழாய்க்குள் விடக் கூடாது. தேர்வாளர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லுங்கள். முடிவில் நெஞ்சைக் கேட்டு, சளியின் அளவு, நிறம், கெட்டித்தன்மை, நாற்றம், நோயாளி எப்படித் தாங்கினார் என்பவற்றை எழுதுங்கள்.

வெண்டிலேட்டரோடு இணைந்த மூடிய வகைக் கத்தீட்டர் இருந்தால் இணைப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் முடித்தபின் அதன் கறுப்புக் குறி உறைக்குள் தெரியும் வரை முழுதாக வெளியே இழுத்துவிட்டீர்களா என்று பாருங்கள்; பாதி உள்ளேயே விடப்பட்ட கத்தீட்டர் மூச்சுவழியை அடைத்துக்கொண்டு நிற்கும். பக்கத்தில் துளைகள் கொண்ட, பேச உதவும் குழாயானால், துளையில்லாத உள்குழாயை மாற்றிவிட்டுத்தான் உறிஞ்ச வேண்டும். இல்லையேல் கத்தீட்டர் அந்தத் துளை வழியே சென்று சவ்வைக் குத்தும்.

கேள்வி: வீட்டில் அப்பாவுக்கு நான்தான் சளி எடுக்கிறேன். இரண்டு நாட்களாகச் சளியில் இரத்தக் கோடுகள் தெரிகின்றன. சளியும் கெட்டியாகிவிட்டது. குழாயில் 5 மி.லி. சலைன் ஊற்றி எடுக்கும்படி ஒருவர் சொன்னார். செய்யலாமா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்றே நினைக்கிறேன். மூக்கு, நாம் இழுக்கும் காற்றை உடல் வெப்பத்துக்குக் கொண்டுவந்து ஈரமாக்கி அனுப்புகிறது. 37 டிகிரி வெப்பத்தில் நுரையீரலை அடையும் ஒவ்வொரு லிட்டர் காற்றிலும் ஏறத்தாழ 44 மில்லிகிராம் நீர் இருக்கிறது. தொண்டைக் குழாய் வைத்தவருக்கு மூக்கு விலக்கப்பட்டுவிடுவதால், வறண்ட காற்று நேராக உள்ளே செல்கிறது. சளி காய்ந்து கெட்டியாகிறது. சவ்வு வறண்டு எளிதில் கீறிக்கொள்கிறது. கெட்டியான சளியை எடுக்க நாம் அழுத்தத்தைக் கூட்டி, அடிக்கடி, ஆழமாக உறிஞ்சுகிறோம். இரத்தக் கோடு வருகிறது.

சலைன் ஊற்றுவதை வழக்கமாகச் செய்ய வேண்டாம். எண்ணெயும் தண்ணீரும் போல, காய்ந்த சளியும் ஊற்றிய நீரும் உள்ளே எளிதில் கலப்பதில்லை. ஊற்றிய நீரின் ஒரு பகுதி நுரையீரலுக்குள் தங்கி ஆக்சிஜனைக் குறைக்கிறது. குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் கிருமிகளையும் கீழே அடித்துச் செல்லக்கூடும். சலைன் விட்டதும் சளி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அது தூண்டிய இருமல்தான். மாறாக, மருத்துவரைக் கேட்டு நெபுலைசரில் நார்மல் சலைன் கொடுங்கள். ‘செயற்கை மூக்கு’ எனப்படும் சிறு வடிகட்டியைக் குழாயின் வாயில் பொருத்தலாம். அது வெளிவிடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து அடுத்த மூச்சுக்குத் திருப்பித் தரும். ஆனால் சளியால் நனைந்துவிட்டால் அதுவே அடைப்பாகும்; உடனே மாற்ற வேண்டும். இவை கிடைக்காத வீட்டில், சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த, நூல் பிரியாத மெல்லிய காஸ் துணியைக் குழாயின் முன்னே தளர்வாகத் தொங்கவிட்டு அடிக்கடி மாற்றுங்கள். பஞ்சு வேண்டவே வேண்டாம். இழை உள்ளே போகும். இதயம், சிறுநீரகம் காரணமாக நீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருக்கவில்லை என்றால், உணவுக்குழாய் வழியாகக் கொடுக்கும் நீரின் அளவு போதுமா என்றும் கேளுங்கள். ஏசி அறையில் படுத்திருந்தால் வறட்சி இன்னும் கூடும்.

இரத்தக் கோடுகள் அழுத்தத்தையும் ஆழத்தையும் குறைத்த ஓரிரு நாளில் மறைய வேண்டும். மறையாவிட்டால் காட்டுங்கள். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தாலும் காட்டுங்கள். ஆனால் கோடாக அல்லாமல் புது இரத்தமாகவே வந்தால் — அது சிறிது வந்து தானே நின்றுவிட்டாலும்கூட — அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சுக்குழலுக்கு முன்னால் ஒரு பெரிய தமனி செல்கிறது. குழாய் உரசி அதில் துளை விழுவது அரிது, ஆனால் விழுந்தால் உயிருக்கு ஆபத்து. துளையிட்ட முதல் மூன்று வாரங்களில் இதைப் பற்றிய கவனம் அதிகம் தேவை. நாடியோடு சேர்ந்து குழாயும் துடிப்பதைப் பார்த்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு கத்தீட்டரை எத்தனை முறை பயன்படுத்தலாம்? ஒவ்வொரு முறையும் புதிது என்றால் எங்களால் தாங்க முடியவில்லை.
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: மருத்துவமனையில் ஒருமுறைதான், உறையில் 2 என்ற எண்ணைக் குறுக்கே அடித்த குறி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு நோயாளியின் கிருமி இன்னொருவருக்குப் போகும் அபாயம் உண்டு. வீட்டில் ஒரே நோயாளி, அவருடைய கிருமிகள். ஆகவே சுத்தமான முறையே போதும் என்று பல நாடுகளிலும் அனுமதிக்கிறார்கள். உங்கள் மருத்துவர் இசைந்தால், கைகளைச் சோப்பால் நன்கு கழுவி, பயன்படுத்தியவுடன் கொதிக்க வைத்து ஆறிய நீரை உறிஞ்சவிட்டுக் கத்தீட்டரின் உட்புறத்தைச் சுத்தம் செய்து, வெளிப்புறத்தைச் சோப்பு நீரால் கழுவி, உலர்த்தி, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் வையுங்கள். நாள் முழுதும் நீரில் ஊறப்போடுவது கிருமியை வளர்ப்பதே. விறைத்தாலோ, மங்கினாலோ, உள்ளே சளி ஒட்டியிருந்தாலோ, வாயை உறிஞ்சியிருந்தாலோ எறிந்துவிடுங்கள். உறிஞ்சிய சளி சேரும் ஜாடியை முக்கால் பங்கு நிறைவதற்குள் காலிசெய்து தினமும் கழுவுங்கள். நிரம்பி வழிந்தால் கருவியின் மோட்டார் கெட்டுவிடும். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஒருநாள் கத்தீட்டர் உள்ளே போகவே இல்லை. பதறிப்போய் அழுத்தித் தள்ளினேன். நல்லவேளை, இருமலோடு ஒரு சளிக்கட்டி வெளியே வந்துவிட்டது. மறுபடி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அழுத்தித் தள்ளாதீர்கள், கட்டியை இன்னும் உள்ளே செலுத்திவிடக்கூடும். உதவிக்கு ஒருவரைக் கூப்பிட்டு, 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, குழாயின் முன்னே பொருத்தியிருக்கும் மூடி, பேச்சு வால்வு, செயற்கை மூக்கு எதுவானாலும் கழற்றுங்கள். அடுத்து உள்குழாயை வெளியே எடுங்கள். பெரும்பாலான அடைப்புகள் உள்குழாயில்தான் இருக்கும். அதை எடுத்ததுமே மூச்சு வந்துவிடும். நாளுக்கு இரண்டு மூன்று முறை உள்குழாயைக் கழுவச் சொல்வது இதற்காகத்தான். மறுபடி கத்தீட்டரை மெதுவாக விட்டுப் பாருங்கள். அப்போதும் போகவில்லையென்றால், கஃப் எனப்படும் காற்றுப்பை இருக்குமானால் ஊசிக்குழலால் அதன் காற்றை எடுத்துவிடுங்கள். குழாயைச் சுற்றி மூச்சு போக வழி கிடைக்கலாம். அதுவும் பலிக்காமல் நோயாளி மூச்சின்றித் தவித்தால், அடைபட்ட குழாயை வைத்திருப்பதில் பயனில்லை. அதை எடுத்துவிட்டு, முகத்துக்கும் தொண்டைத் துளைக்கும் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை, வீட்டுக்கு அனுப்பும் முன்பே மருத்துவமனையில் செய்து காட்டச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். துளையிட்டு ஒரு வாரம்கூட ஆகாதவருக்கு அந்தத் துளை உடனே மூடிக்கொள்ளும் என்பதால், அத்தகையவரை வீட்டில் வைத்திருக்கவே கூடாது.

குரல்வளையை முழுதாக அகற்றிய புற்றுநோயாளிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்களுடைய வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே இல்லை. முகத்தில் வைக்கும் ஆக்சிஜன் உள்ளே போகாது, கழுத்துத் துளையில்தான் வைக்க வேண்டும். அப்படிப்பட்டவரின் கட்டிலுக்கு மேலே அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஆம்புலன்ஸில் வருபவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கேள்வி: மின்வெட்டு நேரத்தில் சக்ஷன் கருவி நின்றுவிட்டால்?
— ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: பேட்டரியோடு கூடிய கருவியை வாங்குவது நல்லது, இல்லையேல் இன்வெர்ட்டரில் அந்த இணைப்பைச் சேர்த்துவிடுங்கள். காலால் மிதித்து இயக்கும் சக்ஷன் கருவியும் அறுவை சிகிச்சைப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது, மின்சாரமே வேண்டாம். ஆனால் அதை வாங்கிப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். மின்சாரம் இருக்கும் ஒரு பகல் நேரத்தில், ஒரு டம்ளர் தண்ணீரை உறிஞ்சவிட்டு வீட்டிலுள்ள இன்னொருவரும் பழகிக்கொள்ளட்டும். கருவியை மிதிப்பவரும் கத்தீட்டரைப் பிடிப்பவரும் ஒருவராகவே இருக்க முடியாது.